முதிய பூனையின் நோயும் அளவான வருவாயும்

திருவனந்தபுரத்துக்குப் பூனை புதிதன்று. சாலைக் கடைத்தெருவின் அரிசி மண்டிகளிலும், பாளையம் சந்தையின் மீன் கடைகளைச் சுற்றியும், கரமனை அக்ரகாரத் திண்ணைகளிலும் அது தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறது. இன்று மாறியிருப்பது அதன் ஆயுள். தெருவில் திரியும் பூனை சில ஆண்டுகளிலேயே மடிந்துபோவது வழக்கம். தடுப்பூசியும் கருத்தடை அறுவையும் பெற்று, அடுக்குமாடிக் குடியிருப்பின் கதவுக்குள் வாழும் பூனையோ பதினைந்து வயதைத் தொடுவது அரிதன்று. மனிதக் கணக்கில் அது எழுபத்தைந்து வயதைக் கடந்த முதுமை.

ஆயுள் நீண்டால் நோயும் உடன் வரும். நாட்பட்ட சிறுநீரகக் குறைபாடு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, தைராய்டு மிகைச் சுரப்பு, மூட்டுத் தேய்மானம் ஆகியவை முதிய பூனைகளிடம் மிகுதியாகக் காணப்படுகின்றன. இப்பட்டியலைப் படிக்கும் மூத்த வாடிக்கையாளர்கள் தங்கள் மாத்திரைப் பெட்டியை நினைத்துக்கொண்டால் வியப்பில்லை. ஒரே கூரையின் கீழ் ஓய்வூதியரும் பூனையும் ஒரே நோய்க்கு மருந்து உண்ணும் காலம் வந்துவிட்டது.

இந்நோய்கள் பெரும்பாலும் குணமாவதில்லை, கட்டுக்குள் வைக்கப்படுகின்றன. ஆகவே செலவும் ஒரு முறை வந்து போவதன்று. மாதந்தோறும் கதவைத் தட்டுவது. ஒரு முறை வரும் செலவை உணர்ச்சியின் வேகத்தில் சமாளித்துவிடலாம். மாதந்தோறும் வருவதைத் திட்டமிட்டே தாங்க வேண்டும். பணம் குறைவாக இருக்கும் வீட்டில் நோயுற்ற பூனையை நன்றாகப் பேண முடியாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு என்பதே இக்கட்டுரையின் கருத்து. பேண முடியும், ஆனால் எதற்குச் செலவிடுவது, எதற்குச் செலவிடாமல் இருப்பது, எங்கே நிறுத்திக்கொள்வது என்ற மூன்றையும் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும்.

ஆடம்பரமா, கடமையா?

மனிதர்களே மருத்துவச் செலவுக்குத் திண்டாடும் நாட்டில் பூனைக்கு மருந்தா என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வியை அலட்சியம் செய்யக் கூடாது. குழந்தையின் கல்விக் கட்டணத்தையோ முதியவரின் மருந்தையோ நிறுத்திவிட்டுப் பூனைக்குச் செலவிட வேண்டும் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அக்கேள்விக்கு வேறொரு பக்கமும் உண்டு. பூனை நம் வீட்டுக்கு வந்தது நம் முடிவினால். பத்தாண்டுக்கும் மேலாக அதற்கு உணவும் இடமும் தந்து, அதன் வேட்டைத் திறனையும் தெருப் பழக்கத்தையும் நாமே மாற்றியிருக்கிறோம். நோயுற்ற நாளில் அதைச் சந்தை வாசலில் விட்டுவிட்டு வருவது சிக்கனம் ஆகாது.

சட்டமும் இதையே சொல்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனுக்கு வேண்டிய நியாயமான நடவடிக்கைகள் அனைத்தையும் எடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. பசியாலோ தாகத்தாலோ வருந்தும் நிலையில் தக்க காரணமின்றி விலங்கைக் கைவிடுவதை 11ஆம் பிரிவு கொடுமையாகக் கருதுகிறது. சட்டம் கேட்பது 'நியாயமான' நடவடிக்கைகளையே என்பதைக் கவனிக்க வேண்டும். கடன்பட்டு நொடித்துப் போகும்படி அது எவரையும் கேட்கவில்லை.

2020 ஏப்ரல் மாதத்தில், பொதுமுடக்கத்தின்போது, கேரள உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. கொச்சியைச் சேர்ந்த ஒருவர் தம் மூன்று பூனைகளுக்கு வழக்கமான பிஸ்கட் உணவை வாங்கி வர அனுமதி வேண்டினார். வீட்டில் அசைவம் சமைப்பதில்லை என்பதால் அவ்வுணவே பூனைகளுக்கு ஆதாரம் என்று அவர் தெரிவித்திருந்தார். இரு நீதிபதிகள் அமர்வு அவர் கோரிக்கையை ஏற்றது. நாடே அடைபட்டுக் கிடந்த நாள்களிலும் ஒரு பூனையின் உணவு பொருட்படுத்தத்தக்க தேவை என்று அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. திருவனந்தபுரத்தின் சைவத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் அவ்வழக்கு அறிமுகமான சிக்கலைத்தான் பேசியது. பூனை முழுமையான ஊன் உண்ணி. டாரின் என்னும் சத்து உணவில் போதிய அளவு இல்லாவிடில் அதன் இதயத் தசை நலிந்துவிடும் என்பது 1987இல் ஆய்வின் மூலம் நிறுவப்பட்டது. தயிர்ச் சோறும் பாலும் அச்சத்தைப் போதிய அளவு தரா.

எங்கே செலவிட்டால் பயன்?

சிறுநீரகக் குறைபாட்டையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதிய பூனைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படும் நோய்களுள் அது ஒன்று. பூனையின் மூதாதையர் வறண்ட நிலத்துக் காட்டுப் பூனைகள். குறைவாக நீர் அருந்தி, சிறுநீரைச் செறிவாக்கி வெளியேற்றும் உடலமைப்பு அவற்றிடமிருந்து வந்தது. முதுமையில் அச்செறிவாக்கும் திறன் குன்றும்போது பூனை அதிகமாக நீர் குடிக்கும், அதிகமாகச் சிறுநீர் கழிக்கும், மெலியும். இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு உயர்ந்து தெரியும் நேரத்தில் சிறுநீரகத்தின் செயல்திறனில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும்.

முதல் செலவு சரியான நோயறிதலாக இருக்க வேண்டும். இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரின் அடர்த்தி, இரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் தெரிந்தால் மருத்துவர் நோயின் நிலையைப் பெருமளவு கணித்துவிடலாம். உலகெங்கும் இந்நோயை நான்கு நிலைகளாக வகுக்கும் முறை பின்பற்றப்படுகிறது. எந்த நிலை என்று அறியாமல் மருந்து வாங்குவது, முகவரி அறியாமல் கடிதம் அனுப்புவதைப் போன்றது. மாறாக, முடிவு எதுவாயினும் சிகிச்சையை மாற்றப் போவதில்லை என்றால் அந்தச் சோதனையைத் தள்ளிவைக்கலாம். "இச்சோதனையின் விடையைப் பொறுத்து நாம் என்ன மாற்றுவோம்?" என்று மருத்துவரிடம் பணிவுடன் கேட்பதில் தவறில்லை. நம் மாத வரம்பு இவ்வளவு என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவதும் நல்லது. வரம்பு தெரிந்த மருத்துவர் அதற்குள் வழி தேடுவார். தெரியாதவர் எல்லாவற்றையும் எழுதித் தருவார்.

இரண்டாவது செலவு உணவு. பாஸ்பரஸ் குறைக்கப்பட்ட சிறுநீரக உணவு இந்நோயுற்ற பூனைகளின் ஆயுளை நீட்டுகிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு. அது சாதாரண உணவைவிட விலை மிகுந்தது. ஆனால் நான்கு கிலோ எடையுள்ள பூனை உலர் உணவாக உண்பது நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராம், மாதத்துக்கு 1.5 கிலோ. கடைவிலையை இந்த அளவால் பெருக்கிப் பார்த்தால் அச்சம் ஓரளவு குறையும். அதுவும் இயலாத வீடுகளில் வீட்டுணவைச் சீர்படுத்தலாம். நம் ஊரில் பூனைக்கு மத்தியும் நெத்திலியும் போடுவதே வழக்கம். எலும்போடு சேர்ந்த சிறுமீனில் பாஸ்பரஸ் மிகுதி. கருவாட்டில் உப்பும் மிகுதி. பச்சையாகத் தரப்படும் மத்தியிலும் நெத்திலியிலும் தயாமின் என்னும் வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்தால் அது செயலிழக்கும். எலும்பு நீக்கி வேகவைத்த கோழி இறைச்சியும், அது வெந்த நீரும் இவற்றைவிடத் தீங்கு குறைந்தவை. ஆயினும் வீட்டுணவு மட்டுமே முழுமையான ஊட்டம் ஆகாது. எதை எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது மருந்து. பூனையின் உயர் இரத்த அழுத்தத்துக்கு மருத்துவர்கள் வழக்கமாக எழுதித் தரும் அம்லோடிபின், மனிதர்கள் உண்ணும் அதே மருந்து. பெரும்பாலான பூனைகளுக்குத் தொடக்கத்தில் 2.5 மில்லிகிராம் மாத்திரையின் கால் பங்கே ஒரு நாளுக்குப் போதுமானதாக எழுதப்படுகிறது. அக்கணக்கில் பத்து மாத்திரை கொண்ட ஓர் அட்டை நாற்பது நாள் வரும். தைராய்டுக்கான மருந்தும், நீரிழிவுக்கான இன்சுலினும் மனித மருந்துக் கடைகளில் கிடைப்பவையே. மருத்துவரிடம் வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் மூலப் பெயரை எழுதித் தரக் கேட்டுப் பெற்று, மக்கள் மருந்தகத்தில் விசாரித்தால் செலவு வெகுவாகக் குறையும். கேரளத்தில் காருண்யா, நீதி மருந்தகங்களும் உள்ளன.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியம். மனித மருந்து மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக மருத்துவரைக் கேளாமல் எதையும் தரக் கூடாது. காய்ச்சலுக்கு நாம் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைப் போக்கவல்லது. அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. இபுப்ரோபென் போன்ற வலிநீக்கிகள் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். சிக்கனத்தின் பெயரால் வரும் பெருஞ்செலவுகளுள் இது முதன்மையானது.

செலவே இல்லாத மருத்துவமும் உண்டு. வாரம் ஒரு முறை பூனையை எடை பார்த்துக் குறித்து வைப்பது அவற்றுள் சிறந்தது. நான்கு கிலோ பூனை 400 கிராம் இழப்பது, அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ இழப்பதற்குச் சமம். கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். வீட்டின் பல இடங்களில் நீர்க் கிண்ணம் வைப்பது, உலர் உணவை நீரில் ஊறவைத்துத் தருவது, மூட்டு வலியுள்ள பூனை ஏறத் தாழ்வான மலத்தட்டு அமைப்பது ஆகியவற்றுக்குப் பணம் வேண்டா, கவனம் வேண்டும். நோய் முற்றிய நிலையில் தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் திரவம் செலுத்த மருத்துவர் கூறக்கூடும். அதற்காக ஒவ்வொரு முறையும் ஆட்டோ வைத்து மருத்துவமனைக்குச் செல்வதைவிட, மருத்துவரிடம் முறையாகக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செலுத்துவோர் பலர். இதய நோயுள்ள பூனைக்கு அது ஆபத்தாகலாம் என்பதால், அளவும் இடைவெளியும் மருத்துவர் சொன்னபடியே இருக்க வேண்டும்.

மாதக் கணக்கு

ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் பூனைக்காக மாதம் 2,000 ரூபாய் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். உணவுக்கு 1,000, மருந்துக்கும் திரவத்துக்கும் 400, மணலுக்கும் சில்லறைச் செலவுக்கும் 100 என்று பிரித்தால் 500 ரூபாய் மீதம். இத்தொகை ஓர் எடுத்துக்காட்டே. ஒவ்வொரு வீட்டின் கணக்கும் வேறுபடும். ஆனால் அந்த மீதம் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். அதைத் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தி வந்தால் ஓராண்டில் 6,000 ரூபாயும் அதற்கான வட்டியும் சேரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் இரத்தப் பரிசோதனைக்கும், நள்ளிரவில் வரும் ஓர் அவசரத்துக்கும் அதுவே முதல் கையிருப்பு.

கையிருப்பு இல்லாத வீட்டில் அவசரம் வந்தால் கை முதலில் நீள்வது கடன் அட்டைக்கு. பல அட்டைகளில் நிலுவைத் தொகைக்கு வட்டி மாதத்துக்கு 3 சதவீதம் அல்லது அதற்கும் மேல். 20,000 ரூபாயை ஓராண்டு நிலுவையில் வைத்தால், 3 சதவீதத்தில் தனிவட்டிக் கணக்கிலேயே 7,200 ரூபாய் வட்டி. நிலை வைப்பின் மீது பெறும் கடனுக்கு, அவ்வைப்பு ஈட்டும் வட்டியைவிட ஓரிரு சதவீதமே கூடுதலாக இருப்பது வழக்கம். வைப்பை முதிர்வுக்கு முன் முறிக்கவும் வேண்டியதில்லை. காப்பீட்டை நம்பியிருப்போரும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் செல்லப் பிராணிக் காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் நாய்களை மனத்தில் கொண்டு அமைந்தவை. முதிய வயதில் புதிதாகச் சேர்வதற்கும், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் அவற்றில் தடை இருப்பதே இயல்பு. பூனை இளமையாக இருக்கும்போது தொடங்கும் தொடர் வைப்பே ஏழைக்கு ஏற்ற காப்பீடு.

அரசு செய்யத்தக்கது

குடும்பம் தன் பங்கைச் செய்யும்போது, பொது நிறுவனங்களும் தம் பங்கை எண்ணிப் பார்க்க வேண்டும். இத்துறையில் கேரளம் பின்தங்கிய மாநிலம் அன்று. ஏறத்தாழ ஒவ்வொரு ஊராட்சியிலும் மிருக ஆஸ்பத்திரி உண்டு. தலைநகரில் குடப்பனக்குன்னில் பல்துறைக் கால்நடை மருத்துவமனை இயங்குகிறது. பாலோட்டில் மாநில விலங்கு நோய் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1962 என்ற எண்ணில் அழைக்கும் நடமாடும் மருத்துவ ஊர்திகள் 2023இல் தொடங்கப்பட்டன. தனியார் மருத்துவமனையை நாடுமுன் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் என்னென்ன கிடைக்கிறது என்று கேட்டறிவது ஒவ்வொரு வளர்ப்பவருக்கும் பயன் தரும்.

ஆயினும் இவ்வமைப்பு பசுவுக்காகவும் ஆட்டுக்காகவும் கோழிக்காகவும் கட்டப்பட்டது. 'கால்நடை' என்ற சொல்லே அதைக் காட்டுகிறது. 2019இல் நடந்த 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் நாய்க்கும் முயலுக்கும் இடம் இருந்தது, பூனை எண்ணப்படவில்லை. எண்ணப்படாத ஒன்றுக்காக நிதி ஒதுக்குவது கடினம். 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை திருத்தி அமைத்த கால்நடை நலத் திட்டத்தில், மலிவு விலைக் கால்நடை மருந்துகளுக்காகப் 'பசு ஔஷதி' என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, அதற்கு 75 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வரவேற்கத்தக்க தொடக்கம். அத்தகைய மருந்துப் பட்டியலில் செல்லப் பிராணிகளின் நாட்பட்ட நோய்களுக்கான சில மருந்துகளும் இடம் பெற வேண்டும். மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனைகளில் பூனையின் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் சிறுநீர் அடர்த்திமானியும் எந்நாளும் கிடைக்க வேண்டும். இவை பெருஞ்செலவு பிடிக்கும் கருவிகள் அல்ல. பசுவின் பங்கைப் பறித்துப் பூனைக்குத் தரும்படி இது கேட்கவில்லை; கட்டணம் செலுத்த ஆயத்தமாக இருக்கும் நகரத்தாருக்கு நியாயமான விலையில் ஒரு சேவையைத் திறந்துவிடச் சொல்கிறது.

எல்லையை முன்பே வகுத்தல்

எல்லாம் செய்தும் ஒரு நாள் வரும். அந்நாளில் முடிவெடுப்பதைவிட, பூனை ஓரளவு நலமாக இருக்கும்போதே குடும்பத்தார் அமர்ந்து பேசியிருப்பது நல்லது. எவ்வளவு வரை செலவிடுவோம், எந்தச் சிகிச்சையை ஏற்க மாட்டோம், எந்த அறிகுறி தென்பட்டால் நிறுத்துவோம் என்பனவற்றை ஒரு தாளில் எழுதி வைக்கலாம். கடைசி வாரத்தில், குற்ற உணர்வின் பிடியில், பயனற்ற சிகிச்சைக்குச் சேமிப்பு முழுவதையும் கொட்டும் குடும்பங்கள் உண்டு. அப்பணம் பூனைக்குக் கூடுதல் நாள்களை வாங்கித் தருவது அரிது. பெரும்பாலும் கூடுதல் ஊசிகளையே வாங்கித் தருகிறது.

அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் அலிஸ் வில்லாலோபோஸ் வகுத்த அளவுகோல் ஒன்று பல நாடுகளில் பயன்படுகிறது. வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா என்ற ஏழுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் வாழ்க்கைத் தரம் ஏற்கத்தக்கது என்பது அவர் கணக்கு. பூனை தன் வலியை மறைக்கும் இயல்புடையது என்பதால், வாரந்தோறும் இடப்படும் இத்தகைய மதிப்பெண் நம் கண்ணைத் திறக்கும். எண்கள் தொடர்ந்து இறங்கினால், வலியற்ற இறப்பைப் பற்றி மருத்துவரிடம் பேசுவது கைவிடுதல் ஆகாது. இவ்விடயத்தில் சமய நம்பிக்கையாலும் மனச்சான்றாலும் மாறுபட்ட கருத்துடையோர் இருக்கிறார்கள். அவர்களும் வலியைக் குறைக்கும் மருந்தையாவது கேட்டுப் பெற வேண்டும். வலியோடு பட்டினியாகக் கிடக்க விடுவது எந்த நம்பிக்கையின்படியும் அறமாகாது.

வசதியுள்ளவர் மட்டுமே நல்ல வளர்ப்பவர் என்று சந்தை நம்மிடம் சொல்கிறது. அழகிய பொட்டலங்களும் விலையுயர்ந்த சோதனைகளும் அன்பின் அளவாகக் காட்டப்படுகின்றன. முதிய பூனையின் தேவைகளோ மிக எளியவை: சரியான நேரத்தில் ஒரு நோயறிதல், ஏற்ற உணவு, கால் மாத்திரை, எட்டும் இடத்தில் நீர், வாரம் ஒரு முறை எடை, வலியில்லாத முடிவு. இவை அனைத்தும் அளவான வருவாய்க்குள் அடங்கக்கூடியவை. உங்கள் வீட்டுப் பூனை ஏழு வயதைக் கடந்திருந்தால், இந்த மாதமே ஒரு தராசும் ஒரு குறிப்பேடும் ஒரு தொடர் வைப்பும் தொடங்குங்கள். நோய் வரும் நாளில் உங்களிடம் தகவலும் இருக்கும், பணமும் இருக்கும்.